கவலை குறைவு

சித்தாலப்பாக்கம் ஏரி, வடகரை, வியாழன்.
படிவத்தில் இரண்டே வரிசை.
மதியம் மூன்று முதல் ஐந்துக்குள்
பூக்களை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

நெய்தல் அதற்குள் கடை சாத்திவிடும்.
வெயில் ஏறும்போது திறக்கும்,
சாப்பாட்டு நேரம் தாண்டினால் மூடிக்கொள்ளும்.
அதனால் ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன்,
ஷேர் ஆட்டோவில், இரண்டு மீன்கூடைக்கு நடுவில்.

பதினேழு.
திரும்ப எண்ணினேன், பதினாறு.
ஒன்று பாலித்தீன் பை. அதுவும் நீலம்.

ஆகாயத்தாமரையை யாரும் எண்ணுவதில்லை.
அதற்கு லாரிக் கணக்கு:
நேற்று இருபத்திரண்டு லோடு,
இன்று மதியத்துக்குள் பத்து.

உண்மையைச் சொன்னால் அது அழகுதான்.
மேலிதழில் மயிற்பீலியின் ஒற்றைக் கண்,
கண்ணுக்குள் மஞ்சள்.
காம்பைக் கிள்ளினால் பஞ்சும் காற்றும்.
வேர் மண்ணைத் தேடி இறங்குவதில்லை.
எந்தத் தண்ணீரும் சம்மதம்,
சாக்கடை கலந்தால் இன்னும் சம்மதம்.

நெய்தலுக்குச் சேற்றில் ஓர் இடம் வேண்டும்.
அங்கே கிழங்கு.
தண்ணீர் ஏற ஏற நீளும் காம்பு.
பூத்து முடிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு
யார் கண்ணிலும் படாமல் காய்க்கும்.
போன கோடையில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது
அதன் தலைக்குமேல் கிரிக்கெட் ஆடினார்கள்.
ஸ்டம்பு நட்ட இடத்தில்கூட
இப்போது ஓர் இலை.

'நிலை' என்று ஒரு கட்டம்.
உலகப் பட்டியலைப் பார்த்து நெய்தலுக்கு நேரே எழுதினேன்:
கவலை குறைவு.
பொய்யில்லை. இலங்கையில் இருக்கிறது,
வங்கத்தில் இருக்கிறது,
உலகத்துக்குக் கவலை குறைவுதான்.
வடகரைக்கென்று கட்டம் இல்லை.

மற்றதற்கு: ஆக்கிரமிப்பு.
கரைமேல் பதினோரு வீட்டுக் கதவிலும்
அதே சொல்லை ஒட்டியிருந்தார்கள்,
பசை இன்னும் காயவில்லை.
எதிர்க்கரைப் பதினான்கு மாடியில்
எதுவும் ஒட்டியிருக்கவில்லை,
கிரகப்பிரவேசத்து மாவிலை தவிர.
அதன் மூன்றாம் பிளாக்குக்கு நெய்தல் என்று பெயர்.

பொக்லைன் ஓட்டுகிற எத்திராஜிடம் போனேன்.
'அண்ணே, அந்த நெய்தலை மட்டும் விட்டுடுங்க.'
'எது?'
'நீல அல்லி. வட்ட இலை, ஒரு பக்கம் பிளந்திருக்கும்.'
'ரெண்டும் ஊதாதானே மேடம்.'
'இது தண்ணிமேல படுத்திருக்கும். அது நிமிர்ந்து நிக்கும்.'
'மேல உக்காந்து பாத்தா எல்லாம் பச்சைதான்.
பக்கெட்டுக்குக் கண்ணா இருக்கு?
லோடுக்குத்தான் பில்லு.
அள்ளாம விட்டதுக்கு எவன் பில்லு போடுவான்?'

எனக்குப் பதில் தெரியவில்லை.
டெண்டரை நானும் படித்திருக்கிறேன்.
அகற்ற வேண்டியதற்குப் பதினெட்டுப் பக்கம்.
இருக்க வேண்டியதற்கு ஒரு வரிகூட இல்லை.

டீ குடித்துவிட்டு வந்தவர்
என்ன நினைத்தாரோ,
நாலு சவுக்குக் கம்பை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நட்டார்.
சுற்றிலும் நைலான் கயிறு.
ஒரு மூலையில் தன் சிவப்புத் துண்டு.
'இதுக்குள்ள கை வைக்க மாட்டேன், போதுமா?
இதுக்கு வெளிய இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல.'
உள்ளே பதினொன்று. வெளியே ஐந்து.
அந்த ஐந்தும் அடுத்த லோடில் போயின.

மூன்று மணி. சட்டப்படி எண்ண வேண்டிய நேரம்.
சதுரத்துக்குள் எல்லாம் மூடியிருந்தன,
பச்சை மொக்குபோல, பூத்ததே இல்லை என்பதுபோல.
நெய்தல், மலர்ந்த பூக்கள்: பூஜ்யம்.
கையெழுத்து. தேதி.

கிழக்குக் காற்று எழுந்தது.
கயிற்றுக்கு அடியில் நுழைந்து
ஒரே ஓர் ஆகாயத்தாமரை உள்ளே வந்து நின்றது,
பூவோடு, நிமிர்ந்து.
எத்திராஜ் இன்ஜினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

செருப்பைக் கரையில் விட்டேன்.
தண்ணீர் முட்டிவரை வெதுவெதுப்பாக இருந்தது,
அதற்குக் கீழே சில்லென்று.